முகத்துக்குச் சரி, வயிற்றுக்கு வேண்டாம்!

“அம்மா, இது என்னன்னு மோந்து பார்த்துச் சொல்லுங்க!”

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் ஒரு டப்பாவைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளே கொட்டைப்பாக்கு நிறத்தில் ஒரு பொடி. மோந்த மாத்திரத்தில் என் மனசு மதுரையை விட்டு மண்டபம் கடற்கரைக்குப் போய்விட்டது. உப்பும் வெயிலும் கலந்த அந்த வாசனையை நான் எங்கே மறப்பது?

“இது கட்டக்கோரையாச்சே! எங்க பெரியம்மா பறிச்சுக் காயப்போடுமே, அந்தப் பாசி!”

“கட்டக்கோரையா? டப்பாவுல ‘பழுப்புக் கடற்பாசி’ன்னு போட்டிருக்கு. முகத்துல இருக்கிற மங்கு போகுமாம், தோல் பளபளன்னு ஆகுமாம். என் சிநேகிதி வாங்கி அனுப்பியிருக்கா. இந்தப் பொடி பூசுறதுக்கு. இந்த மாத்திரை சாப்பிடுறதுக்கு. இதுவும் கடற்பாசிதானாம்.”

பிரசவமாகி நாற்பது நாள். கன்னம் இரண்டிலும் மங்கு படர்ந்து, தலைமுடி கொத்துக்கொத்தாய் உதிர்ந்து, கண்ணாடியைப் பார்க்கவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்தாள் பெண். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது கிடைத்தால் சரி என்றிருந்தது எனக்கு. அதோடு, நம் ஊர்க் கடலில் விளைகிற பொருள் இப்படி மினுமினுக்கும் டப்பாவில் வந்திருக்கிறதே என்று ஒரு பெருமை வேறு!

“தாராளமா பூசு, தாராளமா சாப்பிடு. கடல்ல விளையறதுதானே, என்ன கெடுதல் வந்துடப் போவுது?” என்றேன்.

சகோதரிகளே, அந்த ஒரு வார்த்தைக்காக நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கட்டக்கோரை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். என் அம்மா பிறந்தது மண்டபத்துப் பக்கம். கோடை விடுமுறை, அரைப்பரீட்சை விடுமுறை எல்லாம் எனக்கு அங்கேதான். எங்கள் பெரியம்மா மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கப் போவார். விடியற்காலையில் பெண்கள் ஒரு கூட்டமாய்ப் படகில் போய், கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் போட்டுக்கொண்டு வருவார்கள்.

பாசியில் பல தினுசு உண்டு. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி இரண்டும் சிவப்புப் பாசி வகை. ‘கடல்பாசி’ என்று கடையில் வாங்கி நாம் இனிப்பு செய்கிறோமே, அது இந்த இனத்திலிருந்து வருவதுதான். கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் பழுப்பு வகை. கட்டக்கோரையில் மிளகு, பட்டாணி மாதிரி குட்டிக் குட்டிக் காற்றுப்பைகள் இருக்கும். செடி தண்ணீரில் நிமிர்ந்து நிற்க அவைதான் மிதவை. கரையில் ஒதுங்கியதை எடுத்து நாங்கள் பிள்ளைகள் எல்லாம் ‘டப் டப்’ என்று உடைத்து விளையாடுவோம். பெரியம்மாவுக்குக் கட்டக்கோரை என்றால் இளக்காரம்தான். மரிக்கொழுந்துக்குக் கிடைக்கிற விலை அதற்குக் கிடைக்காது. கரையில் ஒதுங்கியதை அள்ளித் தென்னை மரத்து மூட்டில் எருவாகப் போடுவார்கள். அப்படிப்பட்டது இப்போது டப்பாவில் அடைபட்டு மதுரைக்கு வந்திருந்தது!

மறுநாளே பூச ஆரம்பித்தோம். பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் பத்து நிமிஷத்தில் கூழ் மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். மகளுக்கு முகத்தில் போட்டுவிட்டு, மிச்சத்தை நான் என் கையில் தடவிக்கொண்டேன். பாத்திரம் தேய்க்கிற பவுடர் பட்டுப்பட்டு என் கை சொரசொரவென்று கிடக்கும். கழுவிய பிறகு தொட்டுப் பார்த்தால் உண்மையிலேயே மெத்தென்று இருந்தது. இரண்டு பேருக்கும் சந்தோஷம். மாத்திரையும் தினம் ஒன்று என்று ஆரம்பித்து, சீக்கிரம் குணம் தெரியட்டும் என்று காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றாயிற்று.

“கொரியா நாட்டுல பிரசவமான பொண்ணுக்குப் பாசி சூப்புதாம்மா கொடுப்பாங்க. சீரியல்ல பார்த்திருக்கேன்” என்றாள் மகள். நம் ஊரில் பூண்டும் சுறாப்புட்டும் மாதிரி அங்கே அது போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் போயிருக்கும். பேத்தி ரொம்ப ‘நல்ல பிள்ளை’ ஆகிவிட்டாள். அழுவதே இல்லை. எப்போது பார்த்தாலும் தூக்கம். பாலுக்குக்கூட எழுப்பவேண்டியிருந்தது. இரண்டு வாய் குடிப்பாள், மறுபடி தூங்கிவிடுவாள். மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வயிறு கழிந்தது. “அம்மாவைப் படுத்தாத குழந்தை” என்று பக்கத்து வீட்டு அக்கா மெச்சினார். எனக்கும் அது குறையாகத் தெரியவில்லை. நானும் இரண்டு பிள்ளை வளர்த்தவள்தான், இருந்தும் தெரியவில்லை!

இரண்டரை மாதத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது எடை பார்த்த டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். ஏற வேண்டிய எடை ஏறவில்லை. காலைச் சுண்டிப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “பிறந்தப்ப எடுத்த தைராய்டு டெஸ்ட் சரியாத்தானே இருந்தது?” என்று கேட்டுவிட்டு, மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அந்தப் பிஞ்சுக் காலில் ஊசி குத்தும்போது என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கந்தர் சஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. தைராய்டு சரியாக வேலை செய்யவில்லை என்று காட்டுகிற கணக்கு, இருக்க வேண்டிய அளவைப்போல மூன்று மடங்கு இருந்தது.

“தாய் என்னென்ன மருந்து சாப்பிடுறாங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க” என்றார் டாக்டரம்மா. இரும்புச் சத்து, கால்சியம் என்று சொல்லிவிட்டு, “வேற ஒண்ணும் இல்லீங்க. கடற்பாசி மாத்திரைதான். அது மருந்து இல்லையே, இயற்கைதானே!” என்றேன் நான்.

அவர் கோபிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அந்தப் பாட்டிலை நாளைக்குக் கொண்டுவாங்க. இன்னைக்கு ராத்திரியிலிருந்து அதை நிறுத்திடுங்க. தாய்ப்பாலை மட்டும் நிறுத்த வேண்டாம்” என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். நம் கழுத்தில் இருக்கிற தைராய்டுச் சுரப்பிக்கு அயோடின் வேண்டும். ஆனால் ஊசி முனையளவுதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், பால் கொடுக்கும் தாய்க்கு 250 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்! அந்தக் காலத்தில் உப்பில் அயோடின் இல்லாமல் முன்கழுத்துக் கழலை வந்து எத்தனையோ பேர் கஷ்டப்பட்டார்கள். அதற்காகவே 1962ல் நம் நாட்டில் ஒரு திட்டம் ஆரம்பித்து, அயோடின் கலந்த உப்பு வந்தது. இப்போது கடை உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதாவது நம் சமையல் உப்பே இந்தத் தேவைக்குப் பெரிய பங்கைக் கொடுத்துவிடுகிறது.

கடற்பாசியோ கடல் நீரிலிருக்கும் அயோடினை இழுத்து இழுத்துத் தன்னிடம் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அயோடினையே 1811ல் பிரான்ஸ் நாட்டில் குர்த்வா என்பவர் கடற்பாசிச் சாம்பலிலிருந்துதான் கண்டுபிடித்தாராம். மாத்திரையில் இருந்தது நம் கட்டக்கோரைகூட இல்லை. குளிர்க்கடலில் வளரும் ‘கெல்ப்’ என்ற பெரிய பழுப்புப் பாசி. அதில் காய்ந்தது ஒரு கிராம் எடுத்தாலே ஆயிரம், இரண்டாயிரம் மைக்ரோகிராம்கூட இருக்கலாம். கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் 500க்கு மேல் போவது தேவையில்லாதது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாங்களோ ஒன்றுக்கு இரண்டாக விழுங்கிக்கொண்டிருந்தோம்!

தாய் சாப்பிடுகிற அயோடின் பாலில் திரண்டு குழந்தைக்குப் போய்ச் சேரும். வெள்ளம் போல வந்தால் அந்தச் சின்னச் சுரப்பி திணறிப்போய் வேலையை நிறுத்திவிடும். “அது நீடிச்சா மூளை வளர்ச்சியையே பாதிக்கும்மா” என்றார் டாக்டரம்மா. நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கை கால் சில்லிட்டுப் போயிற்று. கொரியா சூப்பைப் பற்றியும் மகள் கேட்டாள். அளவுக்கு மீறிப் பாசி சூப் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கும் இந்த மாதிரி வந்ததை டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்களாம்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மகள் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. “தாராளமா சாப்பிடு” என்று சொன்ன வாய் என் வாய்தானே!

கடவுள் புண்ணியம், சீக்கிரம் கண்டுபிடித்ததால் தப்பித்தோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்ததில் கணக்கு இறங்கியிருந்தது. ஒரு மாதத்தில் சரியான அளவுக்கு வந்துவிட்டது. பேத்தி பழையபடி நடுராத்திரியில் ஊரைக் கூட்ட ஆரம்பித்தாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் என் மகளும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! “பிள்ளை அழுதா சிரிக்கிற வீட்டை இங்கதான் பார்க்கிறேன்” என்றார் என் கணவர்.

இதற்கப்புறம் அந்தப் பொடி டப்பாவையும் குப்பையில் போடத்தான் கிளம்பினேன். டாக்டரம்மாதான், “பூசறது வேற, சாப்பிடறது வேற. புண் இல்லாத தோல்ல கொஞ்ச நேரம் பூசிக் கழுவினா ஒண்ணும் ஆகாது” என்று தடுத்தார். அதன் பிறகுதான் இந்தப் பழுப்புப் பாசி நமக்குத் தெரியாமலே எத்தனை வேஷத்தில் வீட்டுக்குள் வந்துபோகிறது என்று கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

பழுப்புப் பாசியின் உடம்பில் ‘அல்ஜினேட்’ என்று ஒரு பிசின் இருக்கிறது. 1880களில் பிரிட்டன் நாட்டுக்காரரான ஸ்டான்ஃபோர்டு என்ற ரசாயன நிபுணர் கண்டுபிடித்தது. தண்ணீரைக் கண்டால் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் குணம். அலை வந்து அடித்தாலும் ஒடியாமல், கரையில் வெயில் பட்டாலும் சட்டென்று காயாமல் இருக்கப் பாசிக்கு அது வேண்டியிருக்கிறது. நம் கட்டக்கோரையிலிருந்தும் பக்கோடாப் பாசியிலிருந்தும் அதை எடுக்கிறார்கள்.

என் மாமியாருக்குப் பல் செட் கட்டியபோது பல் டாக்டர் ஒரு ரப்பர்க் கிண்ணத்தில் ரோஸ் நிறப் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, தட்டில் அப்பி வாயில் வைத்து அளவெடுத்தார். இரண்டு மூன்று நிமிஷத்தில் ரப்பர் போல இறுகி வந்துவிட்டது. அது அல்ஜினேட்தான்! அழகு நிலையத்தில் கல்யாணப் பெண்ணுக்கு முகத்தில் பூசி, இறுகியதும் ஒரே தகடாக உரித்தெடுக்கிறார்களே, அதிலும் பெரும்பாலும் இதுதான். நெஞ்செரிச்சலுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் சில மருந்துகளில் இது வயிற்றில் ஒரு தெப்பம் மாதிரி மிதந்து, புளிப்பு மேலே வராமல் காக்கிறது. நீர் வடிகிற புண்ணுக்குக் கட்ட அல்ஜினேட்டில் செய்த கட்டுத்துணி உண்டு. புண்ணோடு ஒட்டிக்கொள்ளாமல் சுலபமாக எடுக்க வரும். பருத்திச் சேலையில் பூப்போட சாயத்தை இந்தப் பிசினில்தான் குழைக்கிறார்கள். சாயம் நூலில் ஏறிக்கொள்ளும், பிசின் அலசினால் போய்விடும். ஐஸ்கிரீம் பனிக்கட்டியாகப் பொறுக்குத் தட்டாமல் இருக்கவும் இதைச் சேர்ப்பதுண்டு. இப்படி வருகிற அல்ஜினேட், பாசியிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்த பிசின் மட்டும். பாசியையே பொடி செய்து விழுங்குவது வேறு விஷயம். இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தோலுக்கு என்ன செய்யும்? தோலில் ஈரத்தைத் தங்கவைக்கும். அவ்வளவுதான். வறண்ட முகம் மிருதுவாகும், கை சொரசொரப்பு குறையும். மங்கு போகும் என்பதெல்லாம் விளம்பரம். பிரசவத்துக்குப் பிறகு வருகிற மங்கு தானாகவே மெல்ல மங்கும். வெயிலில் போகும்போது முந்தானையோ குடையோ போட்டுக்கொள்வதுதான் அதற்கு முதல் வைத்தியம். என் மகளுக்கும் அப்படித்தான் குறைந்தது.

நான் இப்போது பூசுகிற விதம் இது. பூசுவதற்கென்றே விற்கிற பொடியாகப் பார்த்து வாங்குகிறேன். ஒரு ஸ்பூன் பொடிக்கு மூன்று ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர். பத்து நிமிஷம் ஊறவேண்டும். முதல் தடவை என்றால் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிக் கழுவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டியதுதான். ஒன்றும் இல்லையென்றால் கண், உதடு படாமல் முகத்தில் பூசி, பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில், காய்ந்து இழுப்பதற்கு முன்னாலேயே கழுவிவிடுகிறேன். ஈரம் காய்வதற்குள் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். வாரம் ஒரு தடவை போதும். பருவோ, வெடிப்போ, புண்ணோ இருந்தால் பூசுவதில்லை. பால் கொடுப்பவர்கள் மார்பில் பூசவே கூடாது. குழந்தைக்கும் பூச வேண்டாம்.

கடற்கரைக்குப் போனவர்கள் ஒதுங்கிய பாசியை அள்ளிவந்து அரைத்துப் பூசவும் வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம். கடலில் கலக்கிற அழுக்கும் உலோகமும் அதில் சேர்ந்திருக்கும். கட்டக்கோரையின் சொந்தக்காரப் பாசி ஒன்று, ஜப்பானில் ‘ஹிஜிகி’ என்று சாப்பிடுவது. அதில் ஆர்சனிக் அதிகம் என்று 2004ல் இங்கிலாந்து அரசின் உணவுத் தர நிறுவனம் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. தைராய்டுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பாசி மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள்.

சென்ற ஆடி மாதம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு பெரியம்மாவைப் பார்க்கப் போனோம். எழுபது தாண்டிவிட்டது, இப்போது கடலுக்குப் போவதில்லை. நடந்ததை எல்லாம் சொல்லி, டப்பாவில் மிச்சமிருந்த பொடியையும் காட்டினேன். அதன் விலையைக் கேட்டதும் பெரியம்மா பொக்கை வாயால் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

“அடியே, இந்தா பாரு என் கையை. இதுவும் பாசி கொடுத்த கைதான்!”

நீட்டிய கைகளைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், குறுக்கும் நெடுக்கும் பழைய வெட்டுத் தழும்புகள். பாறையும் பவளப்பூச்சியும் கிழித்தவை. துணியைக் கிழித்து விரலுக்கு விரல் சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்களாம். உப்புத் தண்ணீரில் துணி நழுவிவிடும். சாயந்திரம் வந்து விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு அடுப்பு மூட்டுவார். சின்ன வயசில் அந்தக் கையால் எத்தனை உருண்டைச் சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்! தழும்பு என் கண்ணில் பட்டதே இல்லை.

“அக்கரையா, மாதம் பூரா போவீங்களா?” என்று என் மகள் கேட்டாள். “எல்லா நாளும் பறிச்சா பாசி எப்படி முளைக்கும்?” என்றார் பெரியம்மா. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்பவரைப் பற்றியும் சொன்னார். பாசி எடுக்கிற பெண்களைத் திரட்டி, மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, இரும்பால் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தவர்களில் ஒருவர். அதற்காக 2015ல் அவருக்கு அமெரிக்காவில் ‘சீகாலஜி’ பரிசு கொடுத்தார்கள். அங்குள்ள 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா. கடலும் கெடக் கூடாது, அடுப்பும் எரிய வேண்டும் என்று அந்தப் பெண்கள் படுகிற பாடு பெரும் பாடு.

கிளம்பும்போது பெரியம்மா பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு, அந்தக் காய்ப்பேறிய கையால் அதன் கன்னத்தைத் தடவினார். குழந்தை வீல் என்று கத்தியது. “என் கை முள்ளு மாதிரி குத்துது போல” என்று சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். என் மகள் அந்தக் கையைப் பிடித்து, பையிலிருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து, விரல் விரலாகத் தேய்த்துவிட்டாள்.

டப்பாப் பொடி இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது. மாதத்தில் இரண்டு மூன்று தடவை பூசிக்கொள்கிறேன். தண்ணீரில் அது கூழாகும்போதெல்லாம் எனக்கு இரண்டு ஞாபகம் வரும். ஒன்று பெரியம்மாவின் கை. இன்னொன்று, அழாமல் தூங்கிய என் பேத்தி. ‘இயற்கை’ என்று எழுதியிருந்தால் போதும், யோசிக்காமல் வாயில் போடுகிற பழக்கத்தை அந்த மூன்று வாரம் எனக்குத் தீர்த்துவிட்டது. உங்கள் வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால், அது வழக்கத்துக்கு மீறி ‘நல்ல பிள்ளை’யாக இருந்தால், மெச்சிக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் ஒரு நடை கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். தாய் சாப்பிடுவது எதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அது வெறும் பாசியாக இருந்தாலும்!